டார்ச்சில் ஒளிரும் கல் கதிர்வீச்சைக் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: கனிமக் கற்கள் சேகரிக்கிறேன். என்னிடம் உள்ள ஃபுளோரைட் கல் புற ஊதா டார்ச்சில் நீலமாக ஒளிர்கிறது. அதில் ஒரு துண்டை இருட்டில் சூடாக்கினேன், அப்போதும் ஒளிர்ந்தது. மறுநாள் அதே துண்டைச் சூடாக்கினால் ஒன்றுமே இல்லை. கெட்டுவிட்டதா? யுரேனியக் கனிமம் என்று வாங்கிய இன்னொரு கல்லை இதை வைத்துச் சோதிக்க முடியுமா?

பதில்: கல் கெடவில்லை. நீங்கள் பார்த்தவை இரண்டு தனித்தனி ஒளிர்வுகள். டார்ச்சில் தெரிந்த நீலத்துக்குப் பெரும்பாலும் காரணம் படிகத்தில் கலந்திருக்கும் யூரோப்பியம் என்ற தனிமம். டார்ச்சை அணைத்தால் அதுவும் அடங்கிவிடும், கதிரியக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பச்சையாகப் பளிச்சிடும் வில்லமைட் என்ற கனிமத்தில் கதிரியக்கம் கிடையாது. கடுமையான கதிரியக்கம் உள்ள யுரேனியக் கனிமமான யுரேனினைட்டோ டார்ச்சில் கறுப்பாகவே கிடக்கும். அதனால் டார்ச்சை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சூட்டில் வந்த ஒளிதான் கதிர்வீச்சின் பதிவு. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்கள் படிகத்துக்குள் எலெக்ட்ரான்களை இடம்பெயர்த்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் சில, படிகக் குறைபாடுகளில் மழைநீர் குழியில் தேங்குவதுபோலத் தேங்கிவிடும். சூடு ஏறியதும் அவை விடுபட்டு, மிச்ச ஆற்றலை ஒளியாகக் கொட்டும். இதற்குப் பெயர் வெப்ப ஒளிர்வு. ஒருமுறை கொட்டிவிட்டால் குழி காலி. மறுநாள் உங்கள் கல் இருட்டாக இருந்ததன் காரணம் இதுதான்.

சரி, காலியான கல்லை அந்த யுரேனியக் கல்லின் பக்கத்தில் வைத்தால் மறுபடி நிரம்பாதா? நிரம்பும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பாறைக்குள் ஆண்டுக்கு 1 மில்லிகிரே (கிரே என்பது ஒரு பொருள் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) என்று வைத்துக்கொண்டாலும், 10 லட்சம் ஆண்டில் 1000 கிரே சேர்ந்துவிடும். நீங்கள் பார்த்தது அப்படிச் சேர்ந்த இருப்பு. சேகரிப்புக் கல் ஒன்று சில வாரங்களில் தரக்கூடியது அதில் மிக மிகச் சொற்பம். அந்த ஒளியைப் பிடிக்க ஒளிப்பெருக்கிக் குழாயும், சீராகச் சூடேற்றும் கருவியும் வேண்டும்.

எக்ஸ்ரே அறைப் பணியாளர்கள் தங்கள் உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்க அணியும் டி.எல்.டி. பேட்ஜ் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனால் அதில் இருப்பது ஆய்வகத்தில் உருவாக்கிய படிகம். மக்னீசியமும் டைட்டானியமும் சேர்த்த லித்தியம் ஃபுளோரைடு பலரும் விரும்பும் தேர்வு. அதன் சராசரி அணு எண் ஏறக்குறைய 8.2, நம் உடல் திசுவுக்கு 7.4. அதனால் உடல் வாங்கியதைக் கிட்டத்தட்ட அப்படியே சொல்லும். ஃபுளோரைட்டுக்கு 16க்கு மேல் என்பதால், குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிரை அது பல மடங்கு மிகையாகக் காட்டும். இயற்கைக் கல்லில் மாசுகளின் அளவும் கல்லுக்குக் கல் மாறும். ஒரு கல்லில் வந்த அளவீட்டை இன்னொன்றுக்குப் பொருத்த முடியாது. பேட்ஜில் லித்தியம் ஃபுளோரைடு இருந்தால், அளவை எடுத்த பிறகு 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்துப் பழைய பதிவை முழுக்கத் துடைத்து, மறுபடி பயன்படுத்துவது வழக்கமான முறை.

உங்கள் யுரேனியக் கல்லுக்கு கதிர்களை எண்ணிக் காட்டும், மெல்லிய மைக்கா ஜன்னல் உள்ள கெய்கர் கவுண்ட்டர்தான் சரியான கருவி. முதலில் கல் இல்லாமல் பத்து நிமிடம் எண்ணுங்கள். அப்புறம் கல்லை ஜன்னலைத் தொடாமல் நெருக்கமாக வைத்து, அதே பத்து நிமிடம் எண்ணுங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் கல் கதிரியக்கம் உள்ளதுதான். அதை மூடிய பெட்டியில், படுக்கையறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். யுரேனியத்திலிருந்து ரேடான் வாயு கசியும். தொட்டபின் கை கழுவ மறக்காதீர்கள்.

வெப்ப ஒளிர்வை மறுபடி பார்க்க ஆசை இருந்தால், இதுவரை சூடாக்காத துண்டை எடுத்துக் கடுகளவுத் துகள்களாக உடையுங்கள். பெரிய துண்டு சூட்டில் வெடித்துத் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் கொடுங்கள். அதன்பின் தட்டை மெல்லச் சூடாக்கினால், தட்டு சிவப்பதற்கு வெகு முன்பே துகள்கள் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் மங்கும். ஃபுளோரைட்டின் மேல் எந்த அமிலத்தையும் ஊற்றிவிடாதீர்கள். கந்தக அமிலம் போன்ற வலுவான அமிலம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கிளம்பும், அது மிகக் கொடிய நஞ்சு.