எதை ஏலம் விடலாம், எதை விடக்கூடாது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏலத்தில் போட்டால் விலை தானே ஏறிவிடும் என்ற நம்பிக்கை இந்த மாதக் கடிதங்கள் எல்லாவற்றிலும் தெரிகிறது. ஏறும்தான், ஆனால் குறைந்தது இரண்டு பேருக்காவது அந்தப் பொருள்மேல் கண் இருக்க வேண்டும். இணைய ஏலத் தளமான ஈபேயின் இந்தியப் பிரிவு 2018இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் நம் ஊரில் இருந்துகொண்டு அதன் அமெரிக்கத் தளத்தில் விற்பவர்களுக்கு.

நாற்பது தோல் பர்ஸ் தைத்து வைத்திருக்கிறேன். ஒரு டாலர் தொடக்க விலையில் மூன்றை ஏலம் விட்டேன். ஒவ்வொன்றையும் ஒருவர் மட்டுமே கேட்டதால் மூன்றும் ஒரு டாலருக்கே போய்விட்டன. எங்கே தப்பு? (ஆம்பூர் வாசகி)

ஏலத்துக்கு விட்டதே தப்பு. ஒரே மாதிரி நாற்பது இருக்கும்போது யாரும் போட்டி போட மாட்டார்கள். இன்று கிடைக்காவிட்டால் நாளை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நிலையான விலையில் போட்டு, கூடவே வாங்குபவர் தன் விலையைச் சொல்லிக் கேட்கும் 'பெஸ்ட் ஆஃபர்' வசதியைத் திறந்து வையுங்கள். முதலில் தோல், தையல் கூலி, பெட்டி, அஞ்சல் செலவு, தளத்தின் கமிஷன், டாலரை ரூபாயாக்கும்போது கழிவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். அது 30 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் விலை 45. 34க்குக் கீழே கேட்டால் தானாக மறுக்கவும், 41க்கு மேல் கேட்டால் தானாக ஏற்கவும் அமைத்துவிடுங்கள். இடையில் வருவதை மட்டும் நீங்கள் பார்த்து எதிர்விலை சொன்னால் போதும். இந்த இரண்டு எல்லைகளும் வாங்குபவர் கண்ணில் படாது. விலையைக் குறைத்து அஞ்சல் கட்டணத்தில் ஏற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கமிஷன் அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்த மொத்தத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது.

தாத்தா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். பழைய லேபிள்கள் ஒரு கட்டு இருக்கிறது. விலை எப்படி வைப்பது? (குடியாத்தம் வாசகர்)

இதுதான் ஏலத்துக்கென்றே பிறந்த சரக்கு. தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பதன் மதிப்பு உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில் அதே தளத்தில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டிப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை வெறும் ஆசை. விற்று முடிந்த விலையை மட்டும் நம்புங்கள். பிறகு, இதற்குக் கீழே போனால் வயிறு எரியும் என்று நீங்கள் நினைக்கும் தொகையையே தொடக்க விலையாக வையுங்கள்.

ஏலம் முடியக் காத்திராமல் உடனே வாங்க உதவும் 'பை இட் நவ்' விலையும் சேர்ப்பதானால் அது தொடக்க விலையைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். ரிசர்வ் (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று மறைவாக வைக்கும் விலை) வைக்காத ஏலத்தில், முதல் ஆள் கேட்டவுடனே அந்தப் பொத்தான் மறைந்துவிடும். யாராவது ஒரு கேட்பு வைத்து அதை நீக்கிவிடுவார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். ஏழு நாள் ஏலம் தொடங்கிய அதே நிமிடத்தில்தான் முடியும். கோடைக்காலத்தில் நமக்குத் திங்கள் காலை 6.30 என்றால் கலிபோர்னியாவில் ஞாயிறு மாலை 6 மணி, நியூயார்க்கில் இரவு 9. சாப்பிட்டுவிட்டு ஓய்வாக உட்காரும் நேரம். நீங்கள் திங்களன்று கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் போதும்.

ரிசர்வ் விலை வைக்கலாமா? (பள்ளிகொண்டா வாசகர்)

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவதால் விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ரிசர்வும் அப்படி மறைத்து வைக்கும் விலைதான். எட்டியதா இல்லையா என்பது மட்டுமே கேட்பவருக்குத் தெரியும். ஆனால் சந்தையில் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்கலாம், இங்கே முடியாது. எட்டவில்லை என்று இரண்டு முறை பார்த்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். தவிர, பொருள் விற்காவிட்டாலும் ரிசர்வுக்குக் கட்டணம் உண்டு. விலை மிக அதிகமான பொருளுக்கு மட்டும் வையுங்கள்.

80 டாலர் வரை போகத் தயாராக இருந்ததாக வாங்கியவரே எழுதினார். ஏலம் 26 டாலரில் முடிந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (ராணிப்பேட்டை வாசகர்)

இல்லை. ஒருவர் 80 என்று உச்சத் தொகை கொடுத்தாலும், அடுத்தவரை மிஞ்சத் தேவையான அளவுக்கு மட்டுமே தளம் அவர் சார்பில் கேட்கும். இரண்டாமவர் 25 டாலரோடு நின்றிருப்பார். அந்த விலையில் ஒரு படி என்பது ஒரு டாலர், ஆக 26. விலையை முடிவு செய்தவர் வென்றவர் அல்லர், தோற்றவர்.

அப்படியென்றால் என் மைத்துனரை விட்டு இரண்டு முறை ஏற்றிக் கேட்கச் சொன்னால்? (அதே வாசகர், அடுத்த கடிதத்தில்)

கூடாது. விதிப்படி அது மோசடி, கணக்கே முடங்கிவிடும். மைத்துனரிடமே பொருள் மாட்டிக்கொண்டால் அந்தக் கமிஷனை யார் கட்டுவது?

வீட்டுப் பெட்டியில் ஆற்காடு வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. தொடக்க விலை என்ன வைக்கலாம்? (ஆற்காடு வாசகி)

அம்மா, இதை வெளிநாட்டு ஏலத்தில் போடவே போடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய நாணயமும் தொல்பொருள்தான். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. நாணயத்தில் ஹிஜ்ரி 1172 என்று இருந்தால் அது அச்சடித்த ஆண்டு என்று நினைக்க வேண்டாம். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் அந்த ஆண்டையும் மாற்றாமலே கிழக்கிந்தியக் கம்பெனி பல ஆண்டுகள் அச்சடித்தது. எப்படிப் பார்த்தாலும் நூறு ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. உள்நாட்டில் விற்பதானாலும், தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் பெற்றவர்களிடம் மட்டும் காட்டுங்கள். அதற்குள் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பாகத் தேய்த்த நாணயத்துக்குச் சேகரிப்பவர்கள் பாதி விலைகூடத் தரத் தயங்குவார்கள்.