வாசகர் கேள்வி-பதில்: செப்டம்பரில் இஸமால்

கேள்வி: ஹூஸ்டனில் பணிபுரியும் நானும் என் மனைவியும் செப்டம்பர் மாதத்தில் ஒரு வார இறுதியை மெக்சிகோவின் அமைதியான சிற்றூர் ஒன்றில் ஓய்வாகக் கழிக்க விரும்புகிறோம். கடற்கரை விடுதிகள் வேண்டாம். அது மழைக்காலம் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். எங்கே செல்லலாம்?

பதில்: யுகதான் மாநிலத்தின் தலைநகரான மெரிதாவுக்குக் கிழக்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ள இஸமால் உங்களுக்கு மிகவும் பொருந்தும். மழையைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. அங்கே அந்த மாதத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும் என்பதால், காலையில் ஊரைச் சுற்றிவிட்டு, மதியத்துக்குமேல் அறையில் உறங்குவதே அங்கு உகந்த நடைமுறை. உண்மையில் கவனிக்க வேண்டியது புயல்தான். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை நீடிக்கிறது. செப்டம்பர் அதன் உச்சம். எனவே, ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஊரின் மையத்தில் ஏறத்தாழ எல்லாக் கட்டடங்களுக்கும் மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறார்கள். நடுவே உயர்ந்து நிற்கும் புனித அந்தோணியார் மடாலயத்தை, மாயா மக்களின் பிரமிடு ஒன்றை இடித்து, அதன் மேடைமீதே பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டி 1561இல் முடித்தார்கள். அப்பணியை முன்னின்று நடத்திய தியேகோ தெ லாந்தா, மறு ஆண்டே மானி என்னும் ஊரில் மாயா ஏட்டுச்சுவடிகளைத் தீக்கிரையாக்கியவர். அவருக்கு இவ்வூரிலேயே சிலை இருப்பது எனக்கு உவப்பானதன்று. ஆயினும் மடாலய முற்றத்தைச் சூழ்ந்து நீளும் வளைவுகளின் நிழலில் ஒரு காலைப்பொழுதை முழுவதும் செலவிடலாம். சில தெருக்கள் தள்ளி, இடிபடாமல் எஞ்சிய கினிச் கக்மோ பிரமிடு சுமார் 35 மீட்டர் உயரம் நிற்கிறது. வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள்.

பகலில் வரும் பயணிகளில் பலர் மாலைக்குள் திரும்பிவிடுவதால், இரவு தங்குவோருக்கே ஊர் முழுமையாகக் கிடைக்கும். அருகில்தானே இருக்கிறது என்று மாயா தொல்நகரமான சிச்சேன் இட்சாவையும் இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்; ஓய்வு என்ற நோக்கமே கெட்டுவிடும். மெக்சிகோவின் விடுதலை நாளான 16ஆம் தேதியையும் அதன் முந்தைய இரவையும் தவிர்த்தால் அமைதி உறுதி.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், சுற்றுலாவாகச் செல்லும் இந்தியக் குடிமக்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. எனினும் அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைவதற்கான ஆவணங்களைப் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவினர். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: வறுத்த பூசணி விதையையும் தக்காளியையும் அரைத்துச் செய்யும் சிக்கில் பாக், நம் துவையலைப் போன்றது; தொர்த்தியா என்னும் மக்காச்சோள ரொட்டியுடன் வயிறு நிறையும். முட்டை உண்பீர்களானால், தொர்த்தியாவில் அவித்த முட்டையை வைத்துச் சுருட்டி, பூசணி விதைக் குழம்பு ஊற்றித் தரும் பப்பட்சூலேஸும் நன்று. எலுமிச்சை சூப் எனப்படுவது கோழிச் சாற்றில் செய்வது. கறுப்பு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள்.