பிரசவத்துக்கு முன் லண்டன் பயணம்: எந்தப் பணத்தில் போவது?

கேள்வி: நானும் என் கணவரும் மேடவாக்கத்தில் வசிக்கிறோம், இருவருமே தனியார் நிறுவன ஊழியர்கள். பிடித்தம் போக அவருக்கு ரூ.82,000, எனக்கு ரூ.58,000 சம்பளம். வீட்டுக் கடன் தவணை ரூ.38,000, குடும்பச் செலவு ரூ.52,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாந்திர முதலீடு) ரூ.20,000. வங்கியில் வைப்பு நிதியாக ரூ.6.5 லட்சம் இருக்கிறது. எனக்கு இப்போது மூன்றாம் மாதம். மார்ச் நடுவில் நாள் குறித்திருக்கிறார்கள். டிசம்பர் 20 முதல் ஜனவரி 3 வரை லண்டனில் உள்ள அக்கா வீட்டில் தங்கிவர ரூ.4 லட்சம் ஆகும். பயண முகவர் 12 மாதத் தவணையும் தருகிறார். என் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பிரசவத்துக்கு ரூ.60,000 வரை கிடைக்கும். குழந்தையுடன் ஓராண்டு வீட்டில் இருக்க ஆசை. அம்மா பயணம் வேண்டாம் என்கிறார். போகலாமா?

பதில்: பயணம் செய்யும் உடல்நிலை உங்களுக்கு இருக்கிறதா என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிட மாட்டேன். பணத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் பயணம் வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் அம்மாவின் காரணம் வேறாக இருக்கலாம், முடிவு ஒன்றுதான்.

கையில் ரூ.6.5 லட்சம் இருக்கும்போது ரூ.4 லட்சம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த வைப்பு நிதிக்கு ஏற்கெனவே மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. முதலாவது பிரசவம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நடக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் இது 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே சுகப்பிரசவக் கட்டணத்தை மட்டும் கணக்கில் கொள்ளாமல், அறுவை சிகிச்சைக்கான கட்டணத்தையும் உங்கள் மருத்துவமனையில் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டின் ரூ.60,000 போக உங்கள் கையிலிருந்து ரூ.1.5 லட்சம் ஒதுக்கி வைப்பது பாதுகாப்பானது.

இரண்டாவது, நீங்கள் வீட்டில் இருக்க விரும்பும் ஓராண்டு. சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதற்குப் பிறகு வரும் ஏறக்குறைய ஆறு மாதங்களில் வருமானம் கணவருடைய ரூ.82,000 மட்டுமே. தவணையும் குடும்பச் செலவும் சேர்ந்து ரூ.90,000; குழந்தைக்கென மாதம் ரூ.12,000 கூட்டினால், எஸ்ஐபியை நிறுத்திய பிறகும் மாதந்தோறும் ரூ.20,000 துண்டு விழும். ஆறு மாதத்துக்கு ரூ.1.2 லட்சம். மூன்றாவது, மூன்று மாதச் செலவுக்கான அவசர நிதி, ரூ.2.7 லட்சம். மொத்தம் ரூ.5.4 லட்சம் ஆகிறது. மிஞ்சுவது ரூ.1.1 லட்சம், மாதம் மிச்சமாகும் ரூ.30,000 வீதம் இரண்டு மாதம் சேர்த்தால் ரூ.1.7 லட்சம். உங்கள் பயணத்துக்கான பணம் இவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். கடிதத்தில் வளைகாப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மார்கழியைத் தவிர்த்துத் தையில் வைப்பீர்களானால், லண்டனிலிருந்து திரும்பிய சில வாரங்களில் மண்டபமும் சாப்பாடும் புடவையும் வந்து நிற்கும். அந்தச் செலவு பிறந்த வீட்டுடையது என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரை நான் விலக்கச் சொல்வதற்குத் தொகையைவிட முக்கியமான காரணம் வாரக் கணக்கு. நீங்கள் சொல்லும் தேதிகளில், புறப்படும்போது 28ஆம் வாரத்தை ஒட்டியும் திரும்பும்போது 30ஆம் வாரத்தை ஒட்டியும் இருப்பீர்கள். பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவச் சான்று கேட்கின்றன. அதிலும் சில, பயணத்துக்குச் சில நாள்கள் முன்பு வாங்கிய சான்றையே ஏற்கின்றன. அப்படியானால் திரும்பி வருவதற்கான சான்றை, கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில், லண்டனில் கட்டணம் கட்டித் தேட வேண்டியிருக்கும். வழக்கமான பயணக் காப்பீடுகளில் கர்ப்பமும் பிரசவமும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். உயிருக்கு ஆபத்தான சிக்கல்களுக்கு மட்டும் இழப்பீடு தரும் பாலிசிகள் இருந்தாலும், எத்தனையாவது வாரம் வரை என்ற நிபந்தனையைப் படிக்காமல் வாங்கக் கூடாது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் அவசரப் பேறுகாலச் சிகிச்சையை மறுப்பதில்லை. ஆனால் சுற்றுலா விசாவில் வந்தவர்களிடம் வழக்கமான செலவின் ஒன்றரை மடங்கை வசூலிக்கின்றன. குறைமாதத்தில் பிறக்கும் ஒரு குழந்தை பல வாரங்கள் தீவிர சிகிச்சையில் இருக்க நேர்ந்தால், ரூ.6.5 லட்சம் எத்தனை நாளுக்குத் தாங்கும்? நடக்கும் வாய்ப்பு குறைவுதான். நடந்தால் மீள முடியாத செலவு என்பதால், அந்த வாய்ப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்கிறேன்.

அக்காவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் நவம்பரில் போய் வாருங்கள். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன் முடிந்து, மருத்துவரும் சம்மதித்தால், ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள். கிறிஸ்துமஸ் நெரிசல் தொடங்கும் முன் விமானக் கட்டணம் பொதுவாகக் குறைவாக இருக்கும். தங்கும் செலவு இல்லை. டிக்கெட், விசா, காப்பீடு, கைச்செலவு எல்லாம் ரூ.1.7 லட்சத்துக்குள் அடங்கினால் தாராளமாகப் போகலாம். அடங்காவிட்டால் அக்காவை டிசம்பரில் சென்னைக்கு வரச் சொல்வது மலிவு. எப்படியானாலும், சேர்த்து வைத்திருக்கும் ஈட்டிய விடுப்பை அங்கே முழுவதும் செலவழித்துவிடாதீர்கள். 26 வாரம் முடிந்த பிறகு அந்த ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சம்பள நாள்.

முகவர் தரும் தவணையை எடுக்கவே வேண்டாம். வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மாதம் ரூ.33,000-க்கு மேல் வரும். ஜனவரியில் தொடங்கினால், உங்கள் சம்பளம் நின்றுபோன பின்னும் மூன்று, நான்கு மாதம் அது நீடிக்கும். அந்த மாதங்களில் ரூ.20,000 பற்றாக்குறை ரூ.53,000 ஆகிவிடும்.

இந்த வாரமே அலுவலக மனிதவளப் பிரிவில் குழந்தைக்குப் பிறந்த நாள் முதலே காப்பீடு உண்டா, பெயரை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குத் தேவைப்படும் பிக்மி எண்ணை (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண்) இன்னும் வாங்கவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள். நவம்பர் டிக்கெட் எடுப்பதானால், சில ஆயிரம் கூடுதலானாலும் தேதி மாற்றவும் ரத்து செய்யவும் இடமுள்ள கட்டணத்திலேயே எடுங்கள்.