தங்க நிறம் போய்விட்டாலும் அது ஆமை வண்டுதான்

பண்டாரவளையில் உங்கள் வற்றாளைக் கொடியில் தங்கப் பச்சையாக மின்னும் குட்டி வண்டுகள், இலையெல்லாம் ஓட்டை, போத்தலில் போட்டு வைத்தால் செத்துப் பழுப்பாகிவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி விவரமே போதும், அது ஆமை வண்டு. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் உள்ள ஈரம்தான் அந்த மினுக்கம். காய்ந்தால் போய்விடும். ஆகவே உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள்.

பொறிவண்டோ என்று கேட்டிருந்தீர்கள். முதுகின் விளிம்பைப் பாருங்கள்: அகன்று, தலையையும் கால்களையும் மூடி, வெளிச்சத்தில் ஊடாகத் தெரியும். பொறிவண்டுக்கு அப்படி இராது. கத்தரி, பாகல் இலைகளை நரம்பு மட்டும் மிஞ்சச் சுரண்டும் புள்ளி வண்டு பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் மேலே மென்மயிர் இருக்கும், மினுங்காது.

அப்புறம் இலையின் அடியைப் பிரட்டிப் பாருங்கள். ஓரமெல்லாம் முள்ளுள்ள தட்டைப் புழு, கழற்றிய தோலையும் எச்சத்தையும் வாலால் தூக்கி முதுகுக்குக் குடை பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எனக்கு வண்டைவிட அந்தப் புழுவைப் பார்க்கத்தான் ஆசை!

மருந்து அடிக்க அவசரப்படாதீர்கள். இது இலையைத்தான் தின்னும். கிழங்கைத் துளைப்பது கூன்வண்டு, அது வேறு. கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் சரி. வேலியில் தாளிக்கொடி படர்ந்திருந்தால் அதையும் பாருங்கள், வற்றாளையின் சொந்தம் அது.