அந்தமானில் பாதி வருடம்: வீடு வாங்கும் முன் ஒரு மழைக்காலம்

கேள்வி: வங்கியில் ஓய்வு பெற்றவன், வயது 62. மனைவிக்கு 58. திருச்சியில் சொந்த வீடு இருக்கிறது, மகன் பெங்களூரில். போன ஜனவரியில் அந்தமான் போய் வந்ததிலிருந்து, அங்கே சின்னதாக ஒரு வீடு வாங்கி வருடத்தில் பாதியைக் கழிக்கலாமா என்று இருவருக்கும் ஆசை. ஊரில் உள்ள மனையை விற்றால் பணம் வரும். எனக்கு இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். செய்யலாமா?

பதில்: மனையை இப்போது விற்க வேண்டாம். நீங்கள் பார்த்தது ஜனவரி அந்தமான். மே கடைசியில் தொடங்கும் மழை நவம்பர், டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், தமிழ்நாட்டின் சராசரியைப் போல மூன்று மடங்கு.

"மழைக்குத்தான் திருச்சி திரும்பிவிடுவோமே" என்பீர்கள். நீங்கள் திரும்பலாம், வீடு அங்கேயேதான் இருக்கும். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் உப்புக்காற்றும் ஈரமும் குடியேறிவிடும். மெத்தையில் பூஞ்சை பிடிக்கும், கம்பிக் கதவு துருவேறும், ஃப்ரிட்ஜ் பழுதாகும். வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும். வெயில் மாதங்களில் இன்னொரு வேடிக்கை: அவ்வளவு மழை பெய்யும் ஊரில் மார்ச், ஏப்ரலில் தண்ணீர் கஷ்டம். போர்ட் பிளேருக்கு முக்கியமான குடிநீர் ஆதாரம் தனிக்காரி அணைதான். அது வற்றினால் குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர். வீடு பார்க்கப் போனால் கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் யோசிப்பது ஸ்டென்டைப் பற்றி. போர்ட் பிளேரில் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், பேச்சில் பழைய பெயரே ஓடுகிறது) ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது. அன்றாட வைத்தியத்துக்குப் போதும். சிக்கலான கேஸ் என்றால் 'மெயின்லாந்து' போகச் சொல்வார்கள், பெரும்பாலும் சென்னைக்கு. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான், ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டும், வானிலையும் விட வேண்டும். கப்பல் என்றால் மூன்று நாள். அதனால் ஹேவ்லாக் தீவில் கடற்கரை வீடு என்ற கனவு இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கிருந்து போர்ட் பிளேர் வரவே படகில் இரண்டு மணி நேரம் போல ஆகும், கடல் கொந்தளித்தால் படகே கிடையாது. முதலில் உங்கள் இதய மருத்துவரிடம், மருத்துவமனை இவ்வளவு தூரத்தில் இருந்தால் பரவாயில்லையா என்று நேராகக் கேளுங்கள். அவர் தயங்கினால் மேற்கொண்டு எதையும் யோசிக்க வேண்டாம்.

அவர் சரி என்றாலும் வீடு வாங்குவதில் அவசரம் கூடாது. தீவுகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் காடு. 1966-ம் ஆண்டின் நில ஒழுங்குமுறைச் சட்டப்படி நிலம் அரசுக்குச் சொந்தம், மக்கள் கையில் இருப்பது அனுபவ உரிமை. நம் ஊர்ப் பட்டா, பத்திரக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஆக்கிரமிப்பு நிலத்தில் கட்டிய வீட்டையும் விற்க ஆள் இருக்கிறார்கள். உள்ளூர் வக்கீல் ஒருவர் வருவாய்த் துறைப் பதிவேட்டைப் பார்த்து, வெளியூர்க்காரர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று எழுதித் தரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, அந்தமான் நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பகுதி. 2004-ல் சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் பகுதியில் நிலம் சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட்டில் அன்று உப்புநீர் புகுந்த வயல்களைப் போய்ப் பாருங்கள், தாழ்வான மனை ஏன் விலை குறைவு என்று புரியும்.

மற்றவை சமாளிக்கக்கூடியவை. அங்கே தமிழர்கள் நிறைய, அபர்தீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசலாம். பொதுமொழி இந்தி. காய்கறியில் பெரும்பகுதி மெயின்லாந்திலிருந்து வருவதால் கப்பல் தாமதமானால் விலை ஏறும், மீனும் தேங்காயும் கைகொடுக்கும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மனைவி அந்த நீண்ட இரவுகளை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அவரையே கேளுங்கள்.

என் யோசனை இதுதான்: வீடு வாங்காமல் போர்ட் பிளேரை ஒட்டிய டாலிகஞ்ச், கராச்சர்மா பக்கம் வாடகைக்குப் பிடித்து, ஜூன் கடைசியிலிருந்து மூன்று மாதம் இருந்து பாருங்கள். திருச்சி வீடு அப்படியே இருக்கட்டும். மழையிலும் பிடித்திருந்தால் அடுத்த வருடமும் வாடகைக்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை இருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு ஆசை நிறைவாகிவிடும், வாங்க வேண்டிய அவசியமே வராது. ஆறு மாத மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். குடை வேண்டாம், அந்தக் காற்றுக்கு நிற்காது. நல்ல ரெயின்கோட்டாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.