150 யூனிட்: எம்.எஸ். சேர்வதற்கு முன் இதைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, எச்4 விசா (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது), ஊரில் பி.காம்., எம்.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடம் வேலை பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிபிஏ, அதாவது இந்த ஊர் ஆடிட்டர் லைசென்ஸுக்கு 150 யூனிட் (கல்லூரிப் பாடங்களுக்குத் தரும் கிரெடிட்) வேண்டும் என்கிறார்கள், என் படிப்புக்கு எத்தனை வரும் என்றே தெரியவில்லை, எம்.எஸ். அக்கவுண்டிங் சேர்ந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குச் சேராதீர்கள், தங்கச்சி. முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் நான் இதே எச்4 விசாவில் இங்கே வந்து இறங்கியபோது எனக்கும் எம்.எஸ். ஒன்றுதான் வழி என்று பலர் சொன்னார்கள். அதை நம்பியிருந்தால் பல பத்தாயிரம் டாலர் கடனாகியிருக்கும். கடைசியில் நான்கு வகுப்புகளில் முடிந்த விஷயம் அது.

150 என்ற மொத்தத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். உண்மையில் ஆளை நிறுத்தி வைப்பது அதற்குள் இருக்கும் பிரிவுகள். நான் லைசென்ஸ் வாங்கிய விதிப்படி கலிஃபோர்னியாவில் அக்கவுண்டிங் பாடங்களில் 24 யூனிட், பிசினஸ் பாடங்களில் 24, அதற்கு மேல் 'அக்கவுண்டிங் ஸ்டடி' என்று 20, 'எதிக்ஸ் ஸ்டடி' என்று தொழில் நெறிமுறை சார்ந்த பாடங்களில் 10. அந்த 20இல் குறைந்தது 6 அக்கவுண்டிங்காகவே இருக்க வேண்டும். ஆக அக்கவுண்டிங் மட்டும் 30 தேறியாக வேண்டும். மொத்தம் 160 வைத்திருந்தும் எதிக்ஸில் மூன்று யூனிட் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்ப் படிப்பை இந்த ஊர் யூனிட்டாக மாற்றி இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது எவாலுவேஷன் கம்பெனி. போர்டு ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகளின் பட்டியல் லைசென்ஸ் தரும் கலிஃபோர்னியா போர்டு ஆஃப் அக்கவுண்டன்சியின் தளத்தில் இருக்கிறது. அதில் இல்லாத இடத்தில் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக யூனிட் போட்டுத் தரும் 'கோர்ஸ் பை கோர்ஸ்' ரிப்போர்ட்தான் வேண்டும், அதுவும் அவர்களிடமிருந்து நேராகப் போர்டுக்குப் போக வேண்டும். மூன்று வருட பி.காம். மட்டும் இருந்தால், இந்த ஊர் நான்கு வருடப் பட்டத்துக்கு அது சமமா என்ற கேள்வி முதலில் வரும். சமம் இல்லை என்று சொல்லிவிட்டால் 150ஐப் பற்றிப் பேசவே இடமில்லை. உங்களிடம் எம்.காம். இருப்பதால் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை. சி.ஏ. இன்டர் ஏதாவது முடித்திருந்தால் அதற்கு யூனிட் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எனக்கு அந்த ரிப்போர்ட் வர ஏழு மாதம் ஆனது. தாமதம் முழுக்க ஊர்ப் பக்கம். மூடி முத்திரை வைத்த உறையில் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டார்கள். என் அப்பா மூன்று முறை பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் முறை சலான் தவறான கணக்கில் கட்டியாகிவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். மூன்றாம் முறை உறை கிடைத்தது, ஆனால் ஒட்டிய இடத்தில் முத்திரை இல்லை. அவரே கவனித்து, திரும்பிப் போய் வரிசையில் நின்று முத்திரை வைத்து வாங்கி வந்தார். அன்று அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் இன்னும் மூன்று மாதம் போயிருக்கும்.

ரிப்போர்ட்டைப் பிரித்தபோது 140 யூனிட் என்று இருந்தது. அதில் எனக்கு மறக்க முடியாதது, பகுதி 1 தமிழ்த் தாள்களுக்கும் யூனிட் போட்டிருந்தார்கள். கல்லூரியில் 'பி.காம்.காரங்களுக்கு இது எதுக்கு' என்று பாதிப் பேர் வெளியே போய்விடும் வகுப்பு அது. அக்கவுண்டிங் கணக்கில் சேராது, ஆனால் 150 என்ற மொத்தத்தில் சேர்ந்தது. அன்று மாலை அப்பாவுக்குப் போன் போட்டு அதைத்தான் முதலில் சொன்னேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அக்கவுண்டிங், பிசினஸ், அக்கவுண்டிங் ஸ்டடி, எதிக்ஸ் என்று நான்கு பத்தியாகக் கோடு போட்டேன். ஒவ்வொரு பாடத்தையும் அதற்குரிய பத்தியில் எழுதினேன். நீங்களும் இதைக் கையாலேயே செய்யுங்கள். பிசினஸ் பாடங்கள் வழிய வழிய இருந்தன. எதிக்ஸ் பத்து யூனிட்டில் ஏழை பிசினஸ் லா, ஆர்கனைசேஷனல் பிஹேவியர், மனிதவள மேலாண்மை போன்ற பாடங்களால் நிரப்பலாம், நம் பி.காம். அதற்குக் கை கொடுக்கும். மிச்சம் மூன்று யூனிட் அக்கவுண்டிங் எதிக்ஸ் என்றே தனிப் பாடமாக இருக்க வேண்டும். அது நம் ஊர்ப் பட்டங்களில் கிட்டத்தட்ட யாரிடமும் இருக்காது. அதோடு எனக்கு அக்கவுண்டிங்கில் மூன்று யூனிட் குறைவு, மொத்தத்தில் பத்து குறைவு.

இந்தப் பத்துக்குத்தான் கம்யூனிட்டி காலேஜ், கட்டணம் குறைந்த உள்ளூர் அரசுக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவராகக் கணக்கில் வந்தால் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், ஆக மூன்று யூனிட் வகுப்பு 138 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. வெளியூர்க்காரராகச் சேர்ந்தால் ஒரு யூனிட்டே சில நூறு டாலர். எச்4இல் இருப்பவர் இங்கே ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்து, இங்கேயே இருக்கப்போகிறோம் என்பதற்கு ஆதாரம் காட்டினால் அந்த 46 டாலர் கட்டணம் கிடைக்கும். எஃப்1 மாணவ விசாவுக்கு மாறினால் கிடைக்காது. படிப்பதற்கு எச்4 போதும், விசா மாற்ற வேண்டியதே இல்லை. ஆகவே இன்றைக்கே டிரைவிங் லைசென்ஸ், உங்கள் பெயரும் சேர்ந்த வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் தொடங்கி வைத்துவிடுங்கள். அந்த ஒரு வருடம் எப்படியும் எவாலுவேஷனில் போய்விடும்.

நான் தவறிய இடம் ஒன்று. ஃப்ரீமாண்டில் ஓலோனி காலேஜ் செமஸ்டர் முறை. கூப்பர்டினோவில் டி ஆன்சா காலேஜ் குவார்ட்டர் முறை, அங்கே ஒவ்வொரு பருவமும் செமஸ்டரைவிடக் குறுகியது. குவார்ட்டர் யூனிட் ஒன்று செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். நான் எதிக்ஸை ஒரு செமஸ்டர் காலேஜில் மூன்று யூனிட்டாகப் படித்தேன். இன்கம் டாக்ஸும் இன்னொரு அக்கவுண்டிங் வகுப்பும் குவார்ட்டர் முறையில் ஐந்து ஐந்து யூனிட். பத்தும் மூன்றும் பதின்மூன்று, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பத்து குவார்ட்டர் யூனிட் என்பது 6.67. ஆக மொத்தம் 9.67. மூன்றில் ஒரு பங்கு யூனிட் குறைந்ததற்காக இன்னொரு வகுப்பு முழுதாக உட்கார்ந்தேன். பிசினஸ் கம்யூனிகேஷன் எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும்விட அதுதான் தினமும் உதவியது, ஆனால் லைசென்ஸ் அரை வருடம் தள்ளிப் போனது. நீங்கள் எந்தத் தாளிலும் யூனிட்டை எழுதும்போது பக்கத்தில் செமஸ்டரா குவார்ட்டரா என்று எழுதி வையுங்கள்.

டாக்ஸ் வகுப்பை மட்டும் எப்படியும் எடுங்கள். நம் ஊர் வருமான வரிச் சட்டம் எவ்வளவு தெரிந்தாலும் சிபிஏ பரீட்சையில் இந்த ஊர் வரியைக் கேட்கும் ரெகுலேஷன் பகுதிக்கு அது உதவாது. மொத்தத்தில் மட்டும் குறைந்தால், வகுப்பில் உட்காராமல் தேர்வு எழுதியே யூனிட் வாங்கும் க்ளெப் (CLEP) தேர்வுகளும் உண்டு, ஒவ்வொன்றும் பொதுவாக மூன்று யூனிட், சில ஆறு. ஒரு கல்லூரி அதை ஏற்றுத் தன் மதிப்பெண் பட்டியலில் பதித்துக் கொடுக்க வேண்டும். முதலில் அந்தக் கல்லூரியிடம் பேசிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு பெரிய விஷயம். கலிஃபோர்னியாவில் 2013 முடியும்வரை 120 யூனிட்டும் இரண்டு வருட அனுபவமும் போதும் என்று ஒரு வழி இருந்தது. 2014 ஜனவரி முதல் அதை மூடினார்கள். நான் எட்டு மாதம் பிந்தி வந்தேன். இப்போது நாடு முழுக்க அந்தக் கதவு மறுபடி திறக்கிறது. ஓஹாயோவில் 2026 ஜனவரி முதல் இளங்கலைப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் போதும். கலிஃபோர்னியாவிலும் 2025இல் இதே திசையில் சட்டம் நிறைவேறியது. நீங்கள் விண்ணப்பிக்கும் தேதியில் எந்த விதி நடக்கும் என்று போர்டின் தளத்தில் பார்த்து, அவர்களுக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இதனால்தான் எம்.எஸ். கட்டணத்தை இப்போது கட்ட வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எந்த வழி வந்தாலும் எவாலுவேஷன் ரிப்போர்ட் வேண்டும், அந்த வேலை வீணாகாது.

யூனிட் குறைவது வேலை இல்லாத இந்தக் காலத்தில் உங்களுக்கு ஒரு வரம் போலக்கூட ஆகலாம். நான்கு சுவருக்குள் தனியாக உட்கார்ந்து அழுத மாதங்கள் எனக்கு உண்டு. மாலை வகுப்பு தொடங்கிய பிறகு அது குறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்த வியட்நாம் அக்கா ஒருவர்தான் எனக்கு முதல் வேலையைப் பற்றிச் சொன்னார். எச்4இல் வேலை அனுமதி 2015 மே மாதம் வந்தது, கணவருக்கு ஐ 140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் நீங்களும் விண்ணப்பிக்கலாம். அது வரும்வரை வகுப்பும் பரீட்சையும் நடக்கட்டும், இரண்டுக்கும் வேலை அனுமதி தேவையில்லை. லைசென்ஸுக்குக் காட்ட வேண்டிய வேலை அனுபவத்துக்குத்தான் தேவை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஊரில் யாராவது பல்கலைக்கழகத்துக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். பி.காமுக்கும் எம்.காமுக்கும் டிரான்ஸ்கிரிப்ட் இரண்டிரண்டு செட் வாங்கச் சொல்லுங்கள், ஒன்று அனுப்ப, ஒன்று வீட்டில் பிரிக்காமல் வைக்க. உறையின் ஒட்டிய இடத்தில் முத்திரை இருக்கிறதா என்று கவுண்ட்டரிலேயே பார்த்துவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், அந்த நான்கு பத்தித் தாளைச் சேர்ந்தே போடுவோம்.