‘பேசினவர்’ என்றால் யார் என்ன செய்தார்? மொழிபெயர்ப்புக் கேள்வி-பதில்

மொழிபெயர்ப்பாளரான எனக்கு வந்த கேள்விகளில் பாதி ஜேர்மன் மொழியின் முதல்நிலைப் பரீட்சையான ஏ1 பற்றியவை. அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் தந்துவிட்டு மற்றவற்றுக்குப் போகிறேன்.

அக்கா, கலியாண எழுத்து முடிந்துவிட்டது, அவர் ஜேர்மனியில். மூன்று மாதத்தில் ஏ1 எடுக்கலாமா? ரியூசனில் பழைய கேள்விகளைப் பாடமாக்கச் சொல்கிறார்கள். (சுன்னாகம்)

எடுக்கலாம் தங்கச்சி. ஏ1க்கு 45 நிமிடப் பாடங்கள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்பது பரீட்சையை நடத்தும் கோதே நிறுவனமே சொல்லும் கணக்கு. நாளுக்கு இரண்டு பாடம் ஒழுங்காகப் படித்தால் மூன்று மாதத்தில் 180 வந்துவிடும். பாடமாக்குவது எழுத்துப் பகுதியில் கொஞ்சம் கைகொடுக்கும், கேட்டலிலும் பேச்சிலும் காலை வாரிவிடும். பேச்சுப் பகுதியில் உங்களை அறிமுகம் செய்த பிறகு பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு இலக்கத்தையும் சொல்லச் சொல்வார்கள். எங்கள் பெயர்களின் நீளம் தெரியும்தானே! ‘ஜே’ அங்கே ‘யொட்’, ‘வி’ என்பது ‘ஃபௌ’, ‘டபிள்யூ’தான் ‘வே’. இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்று தலைகீழாகச் சொல்வார்கள். ஆகவே வீட்டில் எல்லாருடைய பெயரையும் போன் இலக்கத்தையும் டொச்சில் (ஜேர்மன் மொழியில்) சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், அம்மா சிரித்தாலும் பரவாயில்லை.

பெண்பிள்ளையைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ என்ற சொல் டொச்சில் அஃறிணைப் பால். அதில் நியாயம் தேடிக் களைக்காமல் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் பாலைக் காட்டும் ‘டெர், டீ, டாஸ்’ ஒட்டியபடியே மனதில் போடுங்கள். ஒரு ஆறுதல், ஏ1 தாண்டியதும் ‘ஏனென்றால்’ வரும் வாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போகும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறுகிற அந்த இடம் எங்களுக்கு ஊர்வழக்கம்.

என் மருமகன் சுவிஸில் தஞ்சம் கேட்டிருக்கிறார். விசாரணையில் வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். தான் சொன்னது சரியாகப் போகவில்லை என்று பயப்படுகிறார். இதற்கு ஏதும் செய்யலாமா? (பருத்தித்துறை)

இந்தப் பயம் வீண்பயம் இல்லை, ஐயா. நாங்கள் ‘அவர் என்னைப் பேசினவர்’ என்றால் ஏசினார் என்று பொருள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர் காதில் அது யாரோ உரையாடியதாக விழும். ‘அண்ணா மோசம் போயிட்டார்’ என்றால் எங்களுக்கு அவர் இறந்துவிட்டார், அவர்களுக்கு அவர் ஏமாந்துவிட்டார். ‘விடிய வெளிக்கிட்டனாங்கள்’ (காலையில் புறப்பட்டோம்) என்பதைக் கேட்டு முகம் சுளித்த ஒருவரை எனக்கே தெரியும், ‘வெளிக்கு’ என்பதை அவர் வேறு அலுவலாக விளங்கிக்கொண்டார். ஆயுத அமைப்பைக் குறிக்கும் ‘இயக்கம்’ என்ற சொல்லுக்கு இங்கே இருக்கும் பாரம் அகராதி பார்த்து வருவதில்லை. அதற்காக அந்த மொழிபெயர்ப்பாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன், என்னைக் கொண்டுபோய்த் திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு நிறுத்தினாலும் (எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி இல்லை, தமிழ்நாட்டுத் திருநெல்வேலி) இதே கூத்துத்தான் நடக்கும்.

மருமகனிடம் இதைச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும், மரியாதைக்காகத் தலையாட்டக் கூடாது. எங்கள் ஆட்களின் பெரிய வியாதி அது. விசாரணை முடிந்ததும் எழுதிய அறிக்கையைத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவார்கள், ஜேர்மனியிலும் அப்படித்தான். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் முழுவதையும் கேட்டு, பிழையைத் திருத்தி, திருத்தம் எழுதப்பட்டதா என்றும் உறுதிசெய்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால் எந்த வசனம், என்ன பிழை என்று நினைவு இருக்கும்போதே எழுதி வழக்கறிஞரிடம் கொடுக்கட்டும். இனிமேல் விசாரணை இருந்தால் ‘ஏசினார்’, ‘செத்துப்போனார்’ என்று இரண்டு ஊருக்கும் பொதுவான சொல்லைப் பாவிப்பது நல்லது.

பிறப்புச் சான்றிதழை கூகுளில் போட்டு மொழிபெயர்த்துத் தருகிறேன், நீங்கள் முத்திரை மட்டும் குத்தினால் போதும், காசு குறையுமா? (பெயர் வேண்டாமாம்)

குறையாது தம்பி. சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ‘இது மூலத்துக்குச் சரி’ என்று பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கிறார். ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டுப் பார்க்கும் நேரத்தில் நானே புதிதாக எழுதிவிடுவேன். கிராம சேவகரை ‘கிராமத்தின் வேலைக்காரன்’ ஆக்கிய ஒரு தாள் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஆங்கிலப் பத்திரங்களில் அந்தப் பதவியைக் ‘கிராம நிலதாரி’ என்று அப்படியே எழுதுவதுதான் வழக்கம்.

அதைவிடப் பெரிய தலையிடி பெயர்தான். சண்முகராசாவை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். வரும்போது கடவுச்சீட்டையும் பெற்றோரின் அடையாள அட்டையையும் கொண்டுவாருங்கள், அதில் உள்ளபடி எழுதலாம். ஆனால் மூலத்திலேயே பிழை இருந்தால் என்னால் திருத்த முடியாது, பிழை பிழையாகவே மொழிபெயர்க்கப்படும். ‘கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ அக்கா’ என்று கெஞ்சினாலும் அதுதான் பதில். திருத்துகிற வேலை பதிவாளரிடம்.

ஏ/எல்லில் தமிழுக்கு ஏ. மொழிபெயர்ப்பாளராக வேண்டுமென்றால் பிரெஞ்சு படிக்கவா, சிங்களம் படிக்கவா? (கொக்குவில்)

இங்கே இருந்து வேலை செய்வதென்றால் சிங்களம், யோசிக்கவே வேண்டாம். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, இருந்தும் பெயர்ப்பலகைத் தமிழைப் பார்த்தாலே இரண்டையும் நன்றாக அறிந்த ஆட்கள் எவ்வளவு குறைவு என்று தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பியல் பட்டப்படிப்பும் இருக்கிறது, விசாரியுங்கள். கூடவே ஒரு துறையையும் பிடித்துக்கொள்ளுங்கள், சட்டமோ மருத்துவமோ கணக்கியலோ. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்த சாமுவேல் கிறீன் தானே மருத்துவர் என்பதால்தான் தன் மாணவர்களோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவர முடிந்தது.

எனக்கு 42 வயது. ஜப்பான் மொழி தமிழோடு உறவானது என்கிறார்களே, சுகமாகப் படிக்கலாமா? (சாவகச்சேரி)

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதித்தார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் ‘தோக்கியோ நி இக்கிமாசு’ என்றால் ‘தோக்கியோவுக்குப் போகிறேன்’. உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். வாக்கியம் அமைப்பது சுகம். சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துத்தான் ஆளைக் கொல்லும், அதற்கு வயது காரணமில்லை.

மேடையில் ஒருவர் பேசப் பேச உடனே மொழிபெயர்க்கிறார்களே, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம்? (நல்லூர்)

பொதுவாக இருவர் சேர்ந்து, 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிச் செய்வார்கள். இங்கே ஒரு கூட்டத்தில் என்னைத் தனியே இரண்டு மணித்தியாலம் இருத்திவிட்டார்கள். கடைசியில் ஒருவர் தமிழில் பேச, நான் அதைத் தமிழிலேயே, இன்னும் கொஞ்சம் நீட்டி, திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். பின்வரிசையில் இருந்த பெடியன் ஒருவன் கையைக் காட்டும்வரை எனக்குத் தெரியவே இல்லை.